ஏழாவது நிறுத்தம்

ஞாயிறு காலை ஏழு மணி. புதுச்சேரியின் பெரிய வாய்க்கால் ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக நிற்பார்கள். வாய்க்காலைக் காட்டித்தான் ஆரம்பிப்பேன். இதுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரங்க ஊரு, மேற்கே நம்ம ஊரு. கிழக்குப் பக்கத்தை எல்லோரும் ஏற்கெனவே போட்டோ எடுத்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள்: மஞ்சள் சுவர், காகிதப்பூ, சைக்கிள். நான் கூட்டிப்போவது மேற்கே. மூன்று வருடமாக இதைச் செய்கிறேன். சோற்றுக்கு வேறு வேலை இருக்கிறது.

கிழக்கே வீடுகள் உயரமான மதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும். தமிழர் தெருவில் வீடு தெருவுக்கே வந்து நிற்கும். முதலில் தாழ்வாரம். மரத்தூண்கள் மேல் சரிந்து இறங்கும் ஓட்டுக்கூரை, நடந்து போகிறவனுக்கும் நிழல். அதற்கு உள்ளே திண்ணை. பிறகு செதுக்கிய கதவு, நடை, வானம் தெரியும் முற்றம். தெருவிலிருந்து முற்றம் வரைக்கும் யார் எதுவரை வரலாம் என்பதைச் சுவர் இல்லாமலேயே சொல்லிவிடுகிற அமைப்பு. (இந்த இடத்தில் யாராவது "எல்லாரும் திண்ணையில உட்காரலாமா?" என்று கேட்பார்கள். எல்லாரும் இல்லை என்று சொல்லிவிடுவேன். சாதியை விட்டுவிட்டுத் திண்ணையைப் புகழ்வது எனக்குப் பிடிக்காது.)

1761இல் ஆங்கிலேயர்கள் ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். நாம் இன்று பார்க்கும் வீடுகளில் பெரும்பாலானவை அதற்குப் பின் எழுந்தவை. சில வீடுகளில் கீழ்த்தளம் தாழ்வாரமும் திண்ணையுமாகத் தமிழ் வீடாக இருக்கும். அண்ணாந்து பார்த்தால் மாடியில் வளைவு ஜன்னலும் சுண்ணாம்பில் வார்த்த அலங்காரத் தூண்களும். வேட்டிக்கு மேல் கோட்டு போட்டமாதிரி என்று சொல்வேன், சிரிப்பார்கள். வைசியாள் வீதியில் வரிசையாகப் பல வீட்டு முகப்புகளைச் சரிசெய்து, அந்த வேலைக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்த கதையையும் சொல்வேன். ஆனந்தரங்கப் பிள்ளை, பாரதி எல்லாம் வருவார்கள். அவை எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும்.

ஏழாவது நிறுத்தம் என் தாத்தா வீடு. அதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

அங்கே ஒரு சுவரைக் காட்டி, சிமெண்ட் பூச்சால் வரும் கேட்டை விளக்குவேன். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கி, செங்கல் உதிர ஆரம்பிக்கும். "யாரோ தெரியாம பண்ணிட்டாங்க" என்பேன். பூசியவர் என் அப்பா. முதல் போனஸில், பெருமையாக.

வீட்டில் பெரியம்மா மட்டும் இருந்தார். போன வருட மழையில் ஒரு ஞாயிறு, நாங்கள் குடையோடு நிற்கும்போது கதவைத் திறந்தார். "எவ்ளோ நாளாடா வெளியவே நின்னு பேசிட்டுப் போற? உள்ள கூட்டிட்டு வா."

பன்னிரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார்கள். முற்றத்தைப் பார்த்து ஆ என்றார்கள். பெரியம்மா அங்கே நிற்கவில்லை, நேராகப் பின்னறைக்குக் கூட்டிப்போனார். மெட்ராஸ் டெரஸ் தளம். தேக்குக் கட்டைகள் மேல் செங்கலைக் குத்திட்டு அடுக்கிச் சுண்ணாம்பில் இறுக்கிய கூரை. வாரா வாரம் நான் விளக்குவதுதான். அதன் கீழே நான்கு பக்கெட், ஒரு அண்டா. ஒரு கட்டை கரையான் தின்று நடுவில் தொங்கியது. கட்டில் மேல் தார்ப்பாய்.

கண்ணாடி போட்ட ஒரு பையன் கேட்டான்: "ஆன்ட்டி, ரிப்பேர் பண்ணலாம்ல?"

"அஞ்சு பங்குப்பா. நாலு பேரு விக்கலாம்ங்குறாங்க. ஒருத்தன் மட்டும் கையெழுத்துப் போடாம, இது பாரம்பரியம்ங்குறான். அவனுக்குப் பதினஞ்சு நிமிஷ நடையில ஃபிளாட்டு." என்னைப் பார்க்காமலேயே சொன்னார். "2014 மழையில கடற்கரை ரோட்டுல மேரி கட்டடமே விழுந்துச்சு. கவர்மெண்டு கட்டடம். நான் எம்மாத்திரம்?"

எல்லோரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். எட்டாவது நிறுத்தத்தில் நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை.

கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டினேன். பின்பக்கத் தளத்துக்கு மட்டும் அவர் சொன்ன தொகை என் இரண்டு வருடச் சம்பளத்துக்குக் கொஞ்சம் மேல். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் வேண்டும், தேக்கு வேண்டும். இரண்டு சித்தப்பாக்களுக்கும் போன் செய்தேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "அண்ணன் இருந்திருந்தா எப்பவோ வித்திருப்பாரு" என்றார். அது உண்மைதான் என்று நினைக்கிறேன்.

தை மாதம் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டேன். விரல் ரேகையும் வாங்கினார்கள். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இடிக்க ஒன்பது நாள் ஆனது. கதவையும் தூண்களையும் பழைய மரம் வாங்குகிறவர் ஏற்றிப்போனார். பெரியம்மா இப்போது மகள் வீட்டில், மூன்றாவது மாடி, லிஃப்ட் உண்டு. திண்ணை ஞாபகம் வருதா என்று கேட்டேன். "அதுல உட்கார்ந்து என்னடா பார்த்தேன், எதிர்வீட்டு ஏசி மெஷினைத்தான். மழை வந்தா இப்ப தூங்குறேன்" என்றார்.

பாதையை மாற்றலாம் என்று யோசித்தேன். மாற்றவில்லை. இப்போதும் ஏழாவது நிறுத்தம் அதே இடம்தான், தகரத் தடுப்புக்கு முன்னால். தாழ்வாரம் போய்விட்டதால் வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது, ஆட்கள் அவசரப்படுகிறார்கள். போன வாரம் ஒரு அம்மா கேட்டார்: "இங்க ஒண்ணும் இல்லையே, எதுக்கு நிறுத்துனீங்க?"

"இது எங்க வீடுங்க. சிமெண்ட் பூசுனது எங்க அப்பா. விக்கக் கையெழுத்துப் போட்டவங்கள்ல நானும் ஒருத்தன்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்த அம்மா குரலைத் தாழ்த்தி, "பங்கு எவ்ளோ வந்துச்சு தம்பி?" என்றார்.

சொன்னேன். தலையாட்டிக்கொண்டார். அடுத்த தெருவுக்குத் திரும்பினோம்.