காளை பூட்டிப் போய் கல் நட்ட தாத்தா!

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், சுமார் 7,400 அடி உயரத்தில் இருக்கிறது சவுத் பாஸ். கணவாய் என்றதும் இருபுறமும் செங்குத்துப் பாறைகளைக் கற்பனை செய்துவிடாதீர்கள். பரந்த புல்வெளிதான். அங்கே ஒரு பாறாங்கல் நிற்கிறது. அதில் ‘பழைய ஆரிகன் பாதை, 1843-57’ என்று செதுக்கியிருக்கிறார்கள்.

ராக்கி மலைத்தொடரை பாரவண்டிகள் சிரமமில்லாமல் தாண்ட முடிந்த இடம் இது. அதனால்தான் மிசௌரியிலிருந்து ஆரிகன் வரை, சுமார் 3,200 கிலோமீட்டர் பாதை இந்த வழியாகப் போனது. நிலம் தேடிக் கிளம்பிய குடும்பங்கள் ஐந்தாறு மாதம் நடந்தே கடந்தன. வழியெல்லாம் காலரா, ஆற்று வெள்ளம்.

1852-ல் அப்படிப் போனவர்களில் ஒருவர் எஸ்ரா மீக்கர். வயது 21. கூடவே மனைவி, கைக்குழந்தை. அவர்கள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால், 1854-ல் அதே பாதையில் பின்தொடர்ந்து வந்த அவருடைய அம்மா காலராவில் இறந்தார். தம்பியை ஸ்வீட்வாட்டர் ஆறு கொண்டுபோனது.

1869-ல் கண்டத்தின் குறுக்கே ரயில் ஓடத் தொடங்கியது. பல இடங்களில் வண்டித்தடத்தின் மேலேயே ஏர் ஓட்டினார்கள். பாதை மறைந்தால், அதில் புதைந்தவர்களும் மறந்துபோவார்கள் அல்லவா? 1906-ல், 75 வயதில், மீக்கர் மறுபடியும் வண்டி கட்டினார். இந்த முறை மேற்கிலிருந்து கிழக்கே! இந்த வயதில் வேண்டாம் என்று பலர் தடுத்தும் கேட்கவில்லை.

ஊர் ஊராக நின்று பேசி, நினைவுக்கல் நட மக்களிடமே பணம் திரட்டச் சொன்னார். பள்ளிக் குழந்தைகளும் தங்கள் பங்குக்குச் சில்லறைக் காசு கொடுத்தார்கள். ஆள் இல்லாத இடங்களில் பாறையிலேயே எழுத்து பொறித்தார். நெப்ராஸ்காவில் ஒரு காளை செத்துப்போனது. வேறு காளை பூட்டிக்கொண்டு வாஷிங்டன் வரை போய், 1907-ல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டைச் சந்தித்தார். 1924-ல், 93 வயதில், மாதக்கணக்கில் நடந்த அதே பாதைக்கு மேல் விமானத்திலும் பறந்தார்!

சவுத் பாஸில் இன்னொரு கல்லும் உண்டு. 1836-ல் இந்தக் கணவாயைக் கடந்த முதல் வெள்ளைப் பெண்கள் நார்சிஸா விட்மன், எலைசா ஸ்பால்டிங் என்கிறது அது. அவர்களுக்கு முன்பே இந்த வழியை அறிந்திருந்தவர்கள் ஷோஷோனி, க்ரோ பழங்குடி மக்கள். 1824-ல் இங்கே வந்த ஜெடிடையா ஸ்மித்துக்கு வழி சொன்னவர்களே க்ரோ மக்கள்தான். அந்த இரண்டு கல்லிலும் அவர்கள் பெயர் இல்லை. வண்டிகள் பெருகப் பெருக, மேய்ச்சல் அழிந்தது; வேட்டை குறைந்தது; நிலமும் கைவிட்டுப் போனது.

அமெரிக்காவிலிருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் கோடையில் போய் வரலாம். நெடுஞ்சாலை 28-லிருந்து பிரியும் மண்சாலையில் போக வேண்டும். அதே மாநிலத்தில் கெர்ன்சி ஊர் அருகே, வண்டிகள் ஓடி ஓடி மணற்பாறையே ஐந்தடி ஆழம் வரை தேய்ந்து கிடக்கிறது. குழந்தைகளை அந்தத் தடத்துக்குள் இறங்கி நடக்க விடுங்கள். கல்லில் பெயர் இருப்பவர்களின் கதையோடு, பெயர் இல்லாதவர்களின் கதையையும் சொல்லுங்கள்.