குழாய்த் தண்ணீரும் கத்தரிச் செடியும்

தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக் கிணறு ஒரே உப்பு. குரூஸ் பர்னாந்து நகரசபைத் தலைவராயிருந்து, 1927-ல் வல்லநாட்டிலிருந்து தாமிரவருணியைக் குழாயில் வரவழைத்தாரே, அந்தப் புண்ணியத்தில்தான் என் மொட்டைமாடிக் கத்தரி பிழைத்தது.

ஒரு நாள் குளோரின் வாடை மூக்கைத் துளைத்தது. கவனிக்காமல், அசோஸ்பைரில்லம் பாக்கெட்டை அந்தத் தண்ணீரிலேயே கரைத்து ஊற்றிவிட்டேன். பாக்கெட்டில் இருப்பதே உயிருள்ள பாக்டீரியா! அதைக் கொல்லும் மருந்திலேயே குளிப்பாட்டினால்? காசுதான் தண்டம்.

"ஏளா, ராத்திரியே அண்டாவுல பிடிச்சு வச்சிரு!" என்றார் மாமியார். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவராயிற்றே! கொசு வராமல் வாயில் மெல்லிய துணி கட்டினேன். விடிவதற்குள் வாடை போயிற்று. வெறும் தண்ணீர் ஊற்றும் நாளில் இவ்வளவு பாடு வேண்டாம். மண்ணிலுள்ள மக்கே குளோரினை முறித்துவிடும்.

குடிக்கிற குடத்தை மட்டும் மூடியே வைக்கிறேன். அங்கே குளோரின் இருக்கட்டும்.