கடைசல் பிடிக்கிறவர்கள்

ஐ.டி.ஐ.யில் நம் தொழிலுக்குத் தமிழில் 'கடைசலர்' என்று பெயர். ஒரகடம் வட்டாரப் பட்டறைகளில் 'டர்னர்' என்றுதான் கூப்பிடுகிறோம். புதிதாக வரும் பிள்ளைகளில் சிலர், கடைசல் என்றால் கடைசியில் செய்யும் வேலை என்றே நினைத்திருக்கிறார்கள். அதனால் லேத்தைத் தொட விடுவதற்கு முன் இந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறேன்.

தயிர் கடைகிறோம், கீரை கடைகிறோம். அதே 'கடை'தான் இதுவும். மலையாளத்தில் 'கடையுக' என்றால் மோர் கடைவதும் உண்டு, மரம் கடைவதும் உண்டு. கன்னடத்தில் மத்துக்குக் 'கடகோலு' என்று பெயர். தயிரையும் மரத்தையும் ஒரே சொல்லில் கட்டியது கயிறு. மத்தில் கயிற்றைச் சுற்றி இரு நுனியையும் மாறி மாறி இழுத்தால் அது இப்படியும் அப்படியும் சுழலும். பழைய கடைசல் பட்டறையிலும் அதே கதைதான். இரு முளைகளுக்கு நடுவே கட்டையைப் பொருத்திக் கயிற்றைச் சுற்றி இழுப்பார்கள். கட்டை தன் பக்கம் சுழன்று வரும்போது மட்டும் உளியைக் கொடுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் போகும்போது விலக்கிக்கொள்ள வேண்டும். பாதி வேலை, பாதி காத்திருப்பு. கட்டில் கால், தொட்டில் கட்டை, அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் எல்லாம் அப்படிக் கடைந்தவையே. அந்தச் சொல்லைக் 'கடைந்தெடுத்த முட்டாள்' என்று வசவுக்குச் செலவழிப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

ஊரில் 'கடைசல் பிடிக்கிறது' என்பார்கள். என் ஆசான் அந்தப் 'பிடி'யை அழுத்திச் சொல்வார். சுற்றுவது ஜாப், டூலை ஆடாமல் பிடித்துக் கொடுப்பதே நம் பாடு.

ஒரு பையன் ஜாபின் முகத்தைச் சமமாக்க ஃபேசிங் போட்டான். நடுவில் சின்னக் குமிழ் நின்றுகொண்டே இருந்தது. ஸ்பீடைக் கூட்டினான், டூலைத் தீட்டினான், போகவில்லை. ஆசான் லேத்தை நிறுத்தச் சொல்லி, ஸ்டீல் ஸ்கேலை ஜாபுக்கும் டூல் முனைக்கும் நடுவில் வைத்து மெல்ல நெருக்கினார். ஸ்கேலின் தலை நம் பக்கம் சாய்ந்தது. டூல் சென்டருக்குக் கீழே இருக்கிறது என்று அர்த்தம். மேலே இருந்தால் தலை ஜாப் பக்கம் சாயும். செங்குத்தாக நின்றால் சரி. மெல்லிய தகடு ஒன்றை டூலுக்கு அடியில் பேக்கிங் கொடுத்தார். அடுத்த ஓட்டத்தில் குமிழ் இல்லை.

டூலை நகர்த்தும் டயலில் கோட்டைத் தாண்டிவிட்டாலும் இப்படித்தான், பிழை வேறிடத்தில் இருக்கும். கோடு வரைக்கும் திருப்பிக் கொண்டுவந்தால் அளவு வராது; ஸ்க்ரூவில் இருக்கும் தொய்வு ஏமாற்றிவிடும். அரைச் சுற்றுக்கு மேல் பின்னால் போய், மறுபடி முன்னால் வந்து கோட்டில் நிறுத்த வேண்டும். கயிற்றுப் பட்டறையில் திரும்பும் இழுப்புக்கு வேலை கிடையாது. கை லேத்திலும் கிடையாது.

ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் ஆலையும் 2013-இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் ஓடத் தொடங்கின. இன்று இந்தப் பக்கம் வேலை தேடி வருகிறவர்கள் நேராக சி.என்.சி. முன்னால் நிற்கவே ஆசைப்படுகிறார்கள். அதில் பால் ஸ்க்ரூ இருப்பதால் தொய்வு கைக்குத் தெரியாது. ஆனால் டூல் சென்டர் இறங்கினால் அங்கேயும் அதே குமிழ் நிற்கும். புரோகிராமில் தேடினால் கிடைக்காது.

பிள்ளைகளே, உங்கள் ஐ.டி.ஐ.யில் மூலையில் துணி போர்த்திக் கிடக்கும் கை லேத்தை ஓட்டக் கேளுங்கள். மறுத்தால் மறுபடியும் கேளுங்கள்.