எழுபது வளைவுக்கு ஒரு பழைய ஜீப்

மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் கையில் நாலு காசு சேர்ந்தால், ஒன்று வீட்டுக்கு மாடி எடுப்பான், இல்லையென்றால் பேரப்பிள்ளைகள் பெயரில் அஞ்சலகத்தில் போட்டு வைப்பான். நான் ஜீப் வாங்கினேன். 1972-இல் பதிவான பெட்ரோல் ஜீப். "அந்தக் காசுக்கு நல்ல ஆல்ட்டோ கெடைக்கும்ப்பா" என்று பெங்களூரிலிருந்து மகன் போன் செய்தான். கிடைக்கும்தான். குண்டூர் நாட்டில் எங்கள் மிளகுக் காட்டுக்குப் போகிற செம்மண் தடத்தில், ஐப்பசி மழையில், அந்த ஆல்ட்டோ எப்படிப் போகும் என்று மட்டும் அவன் சொல்லவில்லை.

நம் வயதுக்காரர்களுக்கு ஜீப்பைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மலைப் பெரியவர்கள் அதைச் 'சீப்பு' என்பார்கள். வாழைத்தாரில் இருப்பதும் சீப்பு, வாழைத்தாரை ஏற்றிப் போவதும் சீப்பு. பஸ் எப்போதாவது வந்து போன காலத்தில் உள்ளே பன்னிரண்டு பேர், பின்னால் தொங்கிக்கொண்டு நாலு பேர், மேலே அன்னாசி மூட்டை என்று சந்தைக்குப் போன வண்டி அது. காய்ச்சல்காரனும் பிரசவ வலி கண்ட பெண்ணும் கீழே இறங்கியதும் அதில்தான். அதற்கும் முன்னால் கட்டிலில் படுக்க வைத்து ஆள் மாற்றி ஆள் தூக்கிக்கொண்டு அடிவாரம் வரை நடப்பார்கள். அப்படித் தூக்கிப் போனவர்களுக்குக் களி கட்டிக் கொடுத்ததை என் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நான் வாங்கியது அந்த ஜீப்களில் ஒன்று அல்ல. ராசிபுரம் பக்கம் ஒரு தோட்டத்தில் உழைத்து ஓய்ந்து, தென்னங்கீற்றுக் கொட்டகையில் கோழிகளுக்கு வீடாக இருந்த வண்டி. ஆனால் அதே இனம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் வில்லிஸ், ஃபோர்டு இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளிய ராணுவ ஜீப்பின் வாரிசு. 1945-இல் மகிந்திரா அண்ட் முகமது என்று இரும்பு வியாபாரத்துக்குத் தொடங்கி, 1948-இல் மகிந்திரா அண்ட் மகிந்திரா என்று பெயர் மாறிய கம்பெனிதான் வில்லிஸ் ஜீப்பை நம் நாட்டில் பூட்ட ஆரம்பித்தது. என்னுடையது சி.ஜே.3பி என்ற மாடல். அமெரிக்காவில் 1953-இல் வந்து 1968-இல் நின்றுவிட்டது. நம் ஊரில் அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. பானெட் தூக்கலாக, கொஞ்சம் முட்டாள்தனமாகக்கூடத் தெரியும். காரணம் உள்ளே இருக்கிற ஹரிக்கேன் என்ற 2.2 லிட்டர் இன்ஜின். காற்று உள்ளே போகிற வால்வு மேலே ஹெட்டில், புகை வெளியே வருகிற வால்வு கீழே பிளாக்கில். அதனால் இன்ஜின் உயரம். இன்ஜினுக்காக பானெட்டும் உயரம்.

விலை ஒன்றே முக்கால் லட்சம். பணத்தைக் கொடுப்பதற்கு முன் சேஸ் எண்ணின் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி. புத்தகத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். பழைய வண்டி வாங்க நினைக்கிறவர்கள் பெயின்ட்டையும் டயரையும் பார்க்க வேண்டாம், இதைப் பாருங்கள். உரிமையாளர் காலமாகியிருந்தார். முதலில் படிவம் 31-இல் வாரிசின் பெயருக்கு மாற்றி, பிறகு 29, 30 படிவங்களில் என் பெயருக்கு. பதினைந்து வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் படிவம் 25, பசுமை வரி தனி. இதில் வண்டியை நிறுத்திக் காட்டினால்தான் புதுப்பிப்பார்கள். அதாவது முதலில் அது ஓட வேண்டும்.

டாடா 407-இல் ஏற்றி நாமக்கல்லுக்குக் கொண்டு போனேன். லாரிக்குப் பேர்போன ஊர். லைனிங் அடிக்க, டிரம் கடைய, பட்டை அடிக்க எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. நான் போன ஷெட்டில் எழுபது வயதுப் பாய் ஒருவர். பெட்ரோல் ஜீப் இன்ஜினைப் பிரித்துப் பூட்டிய கை. சும்மா கிடந்ததில் பிஸ்டன் இறுகிப் போயிருந்தது. பிளக்கைக் கழற்றி ஓட்டை வழியாக ஆயிலும் டீசலும் ஊற்றி ஊற வைத்தார். தினம் காலையில் ஹாண்டிலைப் போட்டு ஒரு தம் பிடிப்பார், அசையாது, டீ குடிக்கப் போய்விடுவார். ஒன்பதாம் நாள் 'மளுக்' என்றது. டீ மாஸ்டர் முதற்கொண்டு எல்லோரும் ஓடி வந்து பார்த்தோம்.

இதை எடுத்துப் போட்டுவிட்டு டீசல் இன்ஜின் வைக்கச் சொல்லி யோசனை சொல்லாதவர் இல்லை. மைலேஜ் வரும் என்பது உண்மை. இது லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கொடுத்தால் பெரிய விஷயம். ஆனால் ஆர்.சி.யில் பெட்ரோல் என்று இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, அனுமதியில்லாமல் அப்படியெல்லாம் மாற்றக் கூடாது என்கிறது. சட்டத்தை விடுங்கள். கனமான இன்ஜினை முன்னால் ஏற்றிவிட்டு, அந்தக் காலத்து பிரேக்கை நம்பிக் கொல்லிமலை இறங்கச் சொன்னால் எனக்கு நெஞ்சு துணியாது.

பாய் அதை வேறு விதமாகச் சொன்னார். "சார், இன்ஜின் தகராறு பண்ணுனா வண்டி நின்னுடும். பிரேக் தகராறு பண்ணுனா வண்டி நிக்காது. எதை முதல்ல பாக்கணும், சொல்லுங்க?"

இந்த ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். ஆனால் எண்ணெய் போகிற வழி ஒன்றே ஒன்று. ஒரு சக்கரத்தில் கசிந்தால் நாலும் போச்சு. ஹாண்ட் பிரேக் சக்கரத்தில் கிடையாது. பின் அச்சுக்குப் போகிற ஷாஃப்டில் ஒரு சின்ன டிரம். அதற்குப் பக்கத்திலேயே இருக்கிற ஆயில் சீல் ஒழுகினால் லைனிங் எண்ணெயில் ஊறி, பிடிக்கவே பிடிக்காது. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், பைப், ஹோஸ், லைனிங் எல்லாம் புதிதாகப் போட்டோம். பெயின்ட்டுக்கு ஒதுக்கிய பணம் அத்தனையும் இதில் கரைந்தது. இன்றைக்கும் வண்டி பிரைமர் நிறத்தில்தான் இருக்கிறது. பார்க்கிறவர்கள் ராணுவ வண்டியா என்று கேட்கிறார்கள், நான் மறுப்பதில்லை.

ஏறுவதில் கஷ்டம் இல்லை. பக்கத்தில் இருக்கிற குட்டிக் கம்பியை இழுத்து முன் சக்கரத்தையும் சேர்த்து, லோவில் போட்டால் சுவரில்கூட ஏறுவேன் என்கிறது. முதல் கியருக்கு மட்டும் இரண்டு தரம் கிளட்ச் மிதிக்க வேண்டும், இல்லையென்றால் பல் கடிக்கும். பிரச்சினை இறக்கத்தில். என் வீட்டுக்காரி முதல் நாளே சொல்லிவிட்டாள்: "ஏங்க, பாரம் ஏத்திக்கிட்டு எழுவது வளைவும் நீங்க எறங்கிக் காட்டுங்க. அப்புறமா நான் உக்கார்றேன்."

மரவள்ளி மூட்டை எட்டு ஏற்றிக்கொண்டு, பாயையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சோளக்காட்டிலிருந்து இறங்கினேன். எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில். பிரேக்கை அழுத்திப் பிடிக்காமல் தொட்டுத் தொட்டு. இறங்கும்போது வளைவு எண் பலகையில் குறைந்துகொண்டே வரும். ஐம்பது தாண்டி வந்தபோது வண்டி வலது பக்கமாக லேசாக இழுத்தது. பிறகு வாடை. லைனிங் கருகுகிற வாடை ஒருமுறை மூக்கில் பட்டால் மறக்காது. பாய் எதுவும் பேசவில்லை, மலைப்பக்கமாகக் கையைக் காட்டினார். முதல் கியருக்கு வந்து, சுவரை ஒட்டி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்தோம்.

முன் வலது டிரம் பக்கத்தில் கை கொண்டு போக முடியவில்லை. ஆற விட்டு ஜாக்கி போட்டால் சக்கரம் சுற்றவில்லை. பிரேக் பிடித்தபடியே இருக்கிறது. பாய் சிலிண்டரின் பின்னால் இருக்கிற நிப்பிளை அரைச் சுற்றுத் திறந்தார். எண்ணெய் பீய்ச்சி அடித்தது, சக்கரம் விட்டுவிட்டது. "ஹோஸ் சார்" என்றார். புது ஹோஸ்தான். கடையில் எத்தனை வருடம் கிடந்த சரக்கோ, உள் ரப்பர் உப்பி வழியை அடைத்திருக்கிறது. மிதித்தால் அழுத்தத்தில் எண்ணெய் உள்ளே போகும், காலை எடுத்தால் திரும்பி வராது. அப்படியே இன்னும் பத்து வளைவு இறங்கியிருந்தால் எண்ணெய் கொதித்து ஆவியாகி, மிதித்த கால் தரையைத் தொட்டிருக்கும்.

பாய் அடுத்த பஸ்ஸில் ஏறி நாமக்கல் போய்விட்டார். ஐந்து மணி நேரம் நானும் குரங்குகளும். மரவள்ளி மூட்டை ஒன்றை அவை பிரித்துவிட்டன. மீதி ஏழைக் காப்பாற்றக் கையில் ஸ்பேனரோடு நின்றேன். அவர் மூன்று ஹோஸும் வேறு கடையில் வாங்கி, ஒவ்வொன்றையும் வாயால் ஊதிப் பார்த்துவிட்டு மாட்டினார். இருட்டுவதற்குள் காரவள்ளி இறங்கினோம். அடிவாரத்தில் நாலு டிரம்மையும் தொட்டுப் பார்த்தார், ஒரே சூடு. அடுத்த வாரம் அதே பாரத்தோடு மறுபடியும் ஒருமுறை இறங்கினேன். அதற்கடுத்த முறை மூட்டைக்குப் பதிலாக வீட்டுக்காரி. காரவள்ளி வரும் வரை முன்கம்பியை விடவில்லை என்றாலும், இறங்கியதும் "பரவால்ல" என்றாள்.

2022-இல் வண்டிக்கு ஐம்பது வயது நிறைந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு கொண்டு வந்திருந்தது. ஐம்பது வயது தாண்டி, உருவம் மாறாமல் இருந்தால் 'வி.ஏ.' என்று எழுத்து போட்ட தனி எண். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். சேலத்து நண்பர் ஒருவர் விண்ணப்பிக்கச் சொல்லி நச்சரித்தார், மதிப்பு ஏறும் என்று. விதியை வாசித்துப் பார்த்தேன். கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இவற்றுக்கு மட்டும் ரோட்டில் எடுக்கலாம். தினப்படி ஓட்டக் கூடாது. கார் சேர்க்கிறவர்களுக்கு அது சரியான விதிதான். எனக்கு மிளகு மூட்டை போக வேண்டுமே. 5,000 ரூபாய் கட்டிச் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டேன். பழைய மூன்றெழுத்துச் சேலம் எண் அப்படியே இருக்கிறது.

சுற்றுலா விடுதிக்காரர் ஒருவர் வந்து, வாசலில் நிறுத்திப் படம் எடுக்க வைக்கலாம் என்று நான் செலவழித்ததற்கு மேலேயே விலை சொன்னார். ஓட்டுவீர்களா என்று கேட்டேன். "எதுக்குங்க, நின்னா போதும்" என்றார். டீ கொடுத்து அனுப்பினேன்.

போன ஆடியில் வல்வில் ஓரி விழாக் கூட்டத்தில் செம்மேடு வரை போய் வந்தோம். மற்றபடி காடு, சந்தை, மாதம் ஒருமுறை நாமக்கல். ஆயில் சீல் மறுபடியும் ஒழுக ஆரம்பித்திருக்கிறது. ஹாண்ட் பிரேக் லைனிங்கைக் கழற்றிக் கழுவ வேண்டும். பாய்க்கு இப்போது முட்டி வலி, மலை ஏற வர முடியவில்லை. போனில் சொல்கிறார், நான் ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொண்டு கேட்கிறேன். ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பது வீட்டுக்காரி.