மூர்களின் தெருவில் ஒரு துயரப் பாட்டு

போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனுக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டினால், கோட்டைக் குன்றின் சரிவிலுள்ள மொராரியாவை நடந்தே பாருங்கள். 1147-இல் மன்னர் அஃபோன்சோ நகரைக் கைப்பற்றியபின் முஸ்லிம்களுக்கென ஒதுக்கப்பட்ட பகுதி அது. 1496-இல் மன்னர் மானுவேலின் ஆணை அவர்களை நாட்டைவிட்டே அகற்றியது; பெயர் மட்டும் தங்கிவிட்டது. இன்று அதே சந்துகளில் வங்கதேச முஸ்லிம்கள் கடை வைத்திருப்பதைக் காண நெஞ்சு நெகிழும்.

19-ஆம் நூற்றாண்டில் 'ஃபாடோ' என்னும் சோகப் பாட்டு வளர்ந்ததும் இங்கேதான். அதனை மூர்களின் மிச்சம் என்பாருண்டு; சான்று போதாமையால் நாம் உரிமை கொண்டாடுவதற்கில்லை. 1846-இல், 26 வயதில் மறைந்த மரியா செவேரா இத்தெருக்களின் பாடகி. பிரிந்ததை எண்ணி ஏங்கும் 'சவுதாத்' என்ற உணர்வே அப்பாட்டின் உயிர்.

விளக்கைத் தணிப்பார்கள், பேச்சு அடங்கும். பன்னிரு நரம்புக் கித்தார் ஒலிக்க, கண்மூடிப் பாடுவார்கள். தனியொருவர் துயரம் அவையின் துயரமாகி, பாடியவர் நெஞ்சு இலேசாகும். மதுக்கடையில் வளர்ந்த பாட்டாயிற்றே என நாம் தயங்குவது நியாயமே. ஆயினும், மகன் யூசுஃபைப் பிரிந்து அழுது கண் வெளுத்த யஃகூப் நபி (அலை) அவர்கள் தம் துயரை இறைவனிடம் முறையிட்டதை அறிந்த நமக்கு, அந்த ஏக்கம் அந்நியமன்று.

1999-இல் ஃபாடோ பாடகி அமாலியா ரோட்ரிகஸ் மறைந்தபோது, போர்ச்சுகல் அரசு மூன்று நாள் துக்கம் அனுசரித்தது.