கணக்கை முடிப்பது யார்? ஹைபர்நேட்டும் ஜேபாஸும்

வணிகவியல் படிப்பவர்களுக்கு முதலில் சொல்லித் தரப்படும் பாடம், ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்பது. ஒரு பக்கத்தை மட்டும் எழுதிவிட்டு எழுந்து போனால் அது கணக்கே அல்ல. ஜாவாவில் ஹைபர்நேட்டை அப்ளிகேஷன் சர்வரோடு இணைக்கும் வேலையும் கடைசியில் இந்தப் பாடத்தில்தான் வந்து நிற்கிறது!

முதலில் கொஞ்சம் வரலாறு. ஜாவா நிரலில் இருப்பவை ஆப்ஜெக்ட்டுகள். டேட்டாபேஸில் இருப்பவை அட்டவணைகள். இரண்டுக்கும் நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அந்த வேலைக்கு அன்று இருந்த என்டிட்டி பீன்கள் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதற்கு மாற்றாக கேவின் கிங் 2001இல் ஹைபர்நேட்டைத் தொடங்கினார். 2003இல் ஜேபாஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். 2006இல் ஜேபாஸை ரெட்ஹேட் வாங்கியது. அதே ஆண்டு வந்த ஜேபிஏ என்ற பொதுத்தரத்தில் ஹைபர்நேட்டின் சாயல் நன்றாகவே தெரியும். ஜேபாஸ் சர்வரின் திறமூலப் பதிப்பு 2014இல் வைல்டுஃப்ளை என்ற புதுப் பெயரில் வெளியானது.

சரி, விஷயத்துக்கு வருவோம். தனியாக ஓடும் சின்ன நிரலில் ஹைபர்நேட்தான் முதலாளி. டேட்டாபேஸ் இணைப்பைத் திறப்பதும் அதுவே, 'கமிட்' என்று கையெழுத்துப் போடுவதும் அதுவே. சர்வருக்குள் வந்துவிட்டால் அது வெறும் கணக்குப்பிள்ளை. கையெழுத்து சர்வருடையது, அதாவது ஜேடிஏ எனப்படும் பரிவர்த்தனை மேலாளருடையது.

இதை மறந்தால் என்ன ஆகும்? ஒருவர் கணக்கிலிருந்து 5,000 ரூபாய் இன்னொருவர் கணக்குக்குப் போகிறது. பற்றை எழுதும் ஹைபர்நேட் தனக்கென்று ஓர் இணைப்பைத் திறந்து, தானே கமிட் செய்துவிடுகிறது. வரவை எழுதும் பகுதி சர்வரின் இணைப்பில் ஓடி, நடுவில் பிழையாகிறது. சர்வர் தன் பங்கை ரத்து செய்கிறது. வரவு அழிந்தது, பற்று நிற்கிறது. 5,000 ரூபாய் அந்தரத்தில்!

தீர்வு ஒன்றும் கடினமில்லை. டேட்டாசோர்ஸை சர்வரிலேயே அமைக்க வேண்டும். பெர்சிஸ்டன்ஸ்.எக்ஸ்எம்எல் கோப்பில் பரிவர்த்தனை வகையை ஜேடிஏ என்று குறித்து, அந்த டேட்டாசோர்ஸின் பெயரைத் தர வேண்டும். என்டிட்டி மேனேஜரை நிரலில் உருவாக்காமல் சர்வரையே கொடுக்கச் சொல்ல வேண்டும். அப்படி வாங்கிய மேனேஜரிடம் கெட்டிரான்சாக்ஷன் என்று கேட்டால் பிழைதான் பதிலாக வரும். "கையெழுத்து உன் வேலை இல்லை" என்று அர்த்தம்.

இன்னொரு பள்ளமும் இருக்கிறது. ஈஜேபி முறையில் ரன்டைம் எக்ஸெப்ஷன் வந்தால் சர்வர் தானாக ரத்து செய்யும். "இருப்பு போதாது" என்று நீங்களே எழுதிய செக்டு எக்ஸெப்ஷன் வந்தால் செய்யாது, அதுவரை எழுதியதைக் கமிட் செய்துவிடும். ரத்து செய்யச் சொல்லி அந்த எக்ஸெப்ஷனிலேயே குறித்து வைக்க வேண்டும்.

ஆகவே நண்பர்களே, சர்வர் பிழையின்றிக் கிளம்பிவிட்டது என்பதற்காக இணைப்பு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பற்றுக்கும் வரவுக்கும் நடுவில் வேண்டுமென்றே ஒரு பிழையை எறிந்து பாருங்கள். இரண்டு கணக்குகளிலும் பழைய இருப்பே இருந்தால்தான் வேலை முடிந்தது!