75 பவுனுக்கு ஒரு வீடு

இங்கிலாந்தின் ரை ஊரில் ரயிலை விட்டிறங்கி, பஸ் பிடித்து நார்தியம் போய்ச் சேரும்போது மதியமாகிவிட்டது. கிரேட் டிக்ஸ்டர் வீட்டுக்குப் போகிற கல்பாதையின் இரு புறமும் முழங்கால் உயரத்துக்குப் புல். ஆளில்லாத வீடோ என்று ஒரு கணம் சந்தேகம். வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்கள், பூத்து விதை உதிர்ந்த பிறகுதான் அறுப்பார்களாம்.

வாசல் முகப்பின் ஓக் சட்டங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. பின்னாளில் புது டெல்லியைக் கட்டிய எட்வின் லட்யன்ஸ்தான் 1910இல் இந்த வீட்டைச் சீர்செய்ய வந்தவர். வைஸ்ராய்க்கு மாளிகை எழுப்பிய அந்த மனிதர் இந்தக் கோணலை நிமிர்த்தாமல் விட்டதற்கே ஒரு கும்பிடு போடலாம்.

அச்சுத் தொழிலில் சம்பாதித்த நதானியல் லாய்டு வாங்கியபோது இது சீரழிந்து கிடந்த பண்ணை வீடு. 15ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய பெருங்கூடம்: 40 அடி நீளம், 25 அடி அகலம், 31 அடி உயரம். அந்தக் காலத்தில் புகைபோக்கி கிடையாது. நடுத்தரையில் தீ மூட்டுவார்கள், புகை மேலே போய்க் கூரையில் கசியும். அதற்குத்தான் அத்தனை உயரம். பிற்பாடு குடியிருந்தவர்கள் குறுக்கே தளம் போட்டு அதை மூன்று அடுக்காக்கிவிட்டார்கள். லட்யன்ஸ் அவற்றை எல்லாம் பிரித்தெடுத்துவிட்டார். அந்தத் தளங்களும் சரித்திரம்தானே, எதற்கு உடைத்தார் என்று கேட்கலாம். கேட்டுக்கொண்டேதான் நானும் வாயைப் பிளந்து அண்ணாந்து பார்த்தேன்.

லாய்டு குடும்பத்துக்கு இடம் போதவில்லை. சுமார் 9 மைல் தொலைவில் பெனன்டன் ஊரில் 16ஆம் நூற்றாண்டு வீடொன்று இடிபடக் காத்திருந்தது. விலை 75 பவுன். மரத்துக்கு மரம் எண் போட்டுப் பிரித்துக் கொண்டுவந்து, பின்பக்கம் நிறுத்திவிட்டார்கள். கேட்க அதிசயமாக இருக்கும். ஆனால் ஓக் வீடே அப்படிப் பிறந்ததுதான். தச்சர்கள் களத்தில் சட்டங்களைக் கோத்துப் பார்த்து, மூட்டுக்கு மூட்டு குறி கீறி, பிரித்து எடுத்துப்போய் வீட்டு மனையில் நிறுத்துவார்கள். இரும்பு ஆணி இல்லை. துளைக்குள் நாக்கு, குறுக்கே மர ஆப்பு. சுவருக்குக் குச்சிப் பின்னலும் அதன்மேல் அப்பிய மண்ணும். ஒரு தூணைத் தடவினேன். வாச்சி செதுக்கிய தடம் விரலுக்குத் தட்டுப்பட்டது.

லட்யன்ஸ் சேர்த்த பகுதியோ செங்கல்லும் ஓடும் உயர்ந்த புகைபோக்கிகளும். பழைய மரச்சட்ட வீடாக அது வேஷம் போடவில்லை.

பண்ணையையும் அவர் இடித்துத் தள்ளவில்லை. மாடுகள் ஒதுங்கிய கொட்டகை தோட்டத்துக்குள் நிழல் மண்டபமாகிவிட்டது. சுமார் 1500இல் எழுந்த தானியக் களஞ்சியத்தோடு ஒட்டி நிற்கிறது, பீருக்கான ஹாப்ஸ் பூவை உலர்த்திய சூளை. உச்சியில் வெள்ளை மரத் தொப்பிகள், காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பும்படி செய்தவை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று தெரிந்தும், ஒன்றாவது திரும்புகிறதா பார்ப்போம் என்று புல்லோரம் நின்றிருந்தேன்.